டயர் வெடிக்கும், ஏரி உடையும், தையல் விட்டுப்போகும்: ‘பர்ஸ்ட்’ என்ற சொல்லைத் தமிழாக்கும் முறை

வேலூரில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களின் முதல் பிரதிகளைத் திருத்தும் பணி சில ஆண்டுகளாக எனக்கு வாய்த்திருக்கிறது. மருத்துவமனைக் குறிப்புகள், ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் சோதனை அறிக்கைகள், பத்திரிகைச் செய்திகள், விளம்பர வாசகங்கள் என்று இங்கே வரும் தாள்கள் பலவகையானவை. ஆனால் அந்தப் பிரதிகளில் நான் சிவப்பு மையால் அதிகம் அடிக்கும் சொல் ஒன்றுதான், அது ‘வெடிப்பு’. ‘மாணவிகள் சிரிப்பில் வெடித்தனர்’, ‘நதி தன் கரைகளை வெடித்தது’, ‘ஒவ்வொரு வாயிலும் சுவை வெடிப்பு’ என்றெல்லாம் எழுதுகிறவர்கள் தமிழ் தெரியாதவர்கள் அல்லர். வீட்டில் அவர்கள் யாரும் இப்படிப் பேசுவதில்லை. பி, யு, ஆர், எஸ், டி என்ற ஐந்து எழுத்துகளாலான ‘பர்ஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சொல்லை எதிர்கொள்ளும்போது என்னென்ன செய்யவேண்டும் என்பதை, நான் செய்யும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில், வந்திருப்பது அந்தச் சொல்தானா என்று பார்க்கவேண்டும்

மூலம் அச்சில் இருந்தால் இந்தச் சிக்கல் எழாது. ஒலிப்பதிவிலிருந்தோ, தமிழ் எழுத்தில் யாரோ எழுதிவைத்த குறிப்பிலிருந்தோ வேலை செய்யும்போது கவனம் தேவை. ஆய்த எழுத்தை விட்டுவிட்டு ‘பர்ஸ்ட் கிளாஸ்’, ‘பர்ஸ்ட் லுக்’ என்று எழுதுவது நம்மிடையே பரவலாக இருப்பதால், ‘முதல்’ என்று பொருள்படும் சொல்லும் ‘வெடித்தல்’ என்று பொருள்படும் சொல்லும் தமிழ் எழுத்தில் ஒரே உருவம் கொண்டுவிடுகின்றன.

நெடுஞ்சாலையோர டயர்க் கடையில் ‘பஸ்ட்டு ஆயிடுச்சுங்க’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதைக் கொச்சை என்று ஒதுக்கவேண்டாம். ஆங்கிலத்திலேயே ரகரம் தேய்ந்து ‘பஸ்ட்’ என்ற பேச்சு வழக்கு பிறந்திருக்கிறது. உடைந்துபோனது, திவாலானது, போலீஸ் திடீர்ச் சோதனை எனப் பல பொருள்களில் அது தனியாகவும் வாழ்கிறது. ஆனால் தலைவர் ஒருவரின் ‘பஸ்ட்’ திறந்துவைக்கப்பட்டது என்று வந்தால் அது மார்பளவுச் சிலை. இத்தாலிய மொழி வழியாக வந்த அந்தச் சொல்லுக்கும் நம் சொல்லுக்கும் உறவே இல்லை.

அடுத்து, காலம்

இந்த வினைச்சொல்லுக்கு நிகழ்காலம், இறந்தகாலம், இறந்தகால எச்ச வடிவம் மூன்றும் ஒன்றே. பழைய ஆங்கிலத்தில் ‘பெர்ஸ்டன்’ என்று வழங்கி, காலத்துக்கேற்ப உயிரெழுத்து மாறிக்கொண்டிருந்த வினை இது. ஜெர்மனில் ‘பெர்ஸ்டென்’, டச்சில் ‘பார்ஸ்டென்’ என்று இதன் உறவினர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் அந்த வேறுபாடுகள் மழுங்கி ஒரே வடிவம் நிலைத்துவிட்டது. ஆகவே எழுவாயைப் பாருங்கள். எழுவாய் படர்க்கை ஒருமையாக இருந்து, வினையின் இறுதியில் கூடுதலாக ஒரு ‘எஸ்’ இல்லையென்றால் அது நடந்து முடிந்த செயல். எழுவாய் பன்மையாக இருந்தால் வினையை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ‘நேற்று’, ‘ஆண்டுதோறும்’ போன்ற காலச்சொல் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடவேண்டும். ‘குழாய்கள் வெடித்தன’ என்று எழுதுவதா, ‘குழாய்கள் வெடிக்கின்றன’ என்று எழுதுவதா என்பது அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

மூன்றாவது, உறை எது என்று கேட்கவேண்டும்

வேலையின் பெரும்பகுதி இந்தப் படியில்தான் இருக்கிறது. ஆங்கிலச் சொல் உள்ளிருக்கும் அழுத்தத்தையும், அது வெளிப்படும் திடீர்த்தன்மையையும் மட்டுமே பார்க்கிறது. எது உடைந்தாலும் அதற்கு ஒன்றுதான். தமிழ் வினையோ உடைகிற பொருளைப் பார்க்கிறது. காற்றும் வாயுவும் அடைபட்டிருந்து ஓசையோடு வெளிப்பட்டால் ‘வெடித்தல்’, நீரோ சீழோ அடைபட்டிருந்து வெளிவந்தால் ‘உடைதல்’, துணியும் சவ்வும் என்றால் ‘கிழிதல்’, தைத்த பொருள் என்றால் ‘தையல் விடுதல்’, சூட்டில் தானியம் என்றால் ‘பொரிதல்’, அரும்பு என்றால் ‘அவிழ்தல்’. டயரும் பலூனும் வெடிக்கும். கட்டியும் கொப்புளமும் பனிக்குடமும் உடையும். செவிப்பறை கிழியும். ‘என் காது வெடித்துவிட்டது’ என்று எழுதினால் படிக்கிறவர் வேறொன்றைக் கற்பனை செய்துகொண்டு பதறுவார்.

ஆகவே வாக்கியத்தின் ஓரத்தில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள்: உறை எது, உள்ளே இருந்தது எது, வெளியே வந்தது எது. மூன்றுக்கும் விடை எழுதியபின் வினை பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். இரண்டு மாதம் இப்படிச் செய்தால் பிறகு எழுதிப்பார்க்கத் தேவையிருக்காது.

நீர் தொடர்பான சொற்களைச் சற்று விரித்தே சொல்லவேண்டும், ஏனென்றால் வட ஆற்காடு ஏரிகளின் நாடு. காவேரிப்பாக்கம் ஏரியைப் போன்ற பெரிய ஏரிகளிலிருந்து ஊர்க் குட்டைகள்வரை நீரைத் தேக்கி வாழ்ந்த மக்களிடம், நீர் வெளியேறும் ஒவ்வொரு விதத்துக்கும் தனிச்சொல் உண்டு. ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக உபரிநீர் வெளியேறினால் ‘ஏரி கோடி போகிறது’ என்பார்கள். அது கொண்டாட்டத்துக்குரிய செய்தி, பூத்தூவிப் பூசை போடுவார்கள். கரை அரித்துப் பிளந்து நீர் பாய்ந்தால் ‘ஏரி உடைத்துக்கொண்டது’ அல்லது ‘உடைப்பெடுத்தது’ என்பார்கள். அது பேரழிவு. 1903ஆம் ஆண்டு நவம்பரில் அன்றைய மைசூர் அரசுப் பகுதியில் ஏரிகள் உடைத்துக்கொண்டதால் பாலாற்றில் பாய்ந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியின் பெரும்பகுதியை அழித்தது. அந்த நிகழ்வைப் பற்றிய ஆங்கிலக் குறிப்பைத் தமிழாக்கும்போது ‘ஏரிகள் வெடித்தன’ என்று எழுதினால், யாரோ வெடி வைத்துத் தகர்த்ததாகவே பொருள்படும்.

இதற்கு நேர்மாறான பொறி ஒன்றும் உண்டு. ஆறு தன் கரையை ‘பர்ஸ்ட்’ செய்தது என்று ஆங்கிலத்தில் எழுதினால், பல வேளைகளில் கரை உடைந்தது என்று பொருளே அல்ல. நீர்மட்டம் உயர்ந்து கரையை மீறிப் பாய்ந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். அதற்கு நம்மிடம் ‘கரைபுரண்டு ஓடியது’ என்ற அழகான தொடர் இருக்கிறது. தண்ணீரில்லாத ஆறு என்று கேலிக்கு ஆளாகிவந்த பாலாறு 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியதை நேரில் பார்த்தவர்களுக்கு, கரைபுரள்வதும் கரை உடைவதும் வேறுவேறு என்று விளக்கத் தேவையில்லை. செய்தியில் எது நடந்தது என்பது தெளிவில்லாவிட்டால், கரைக்குச் சேதம் ஏற்பட்டதாக அடுத்த பத்தியில் ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே வினையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். நீர்வளத்துறை அலுவலர் ஒருவருக்கு இந்த வேறுபாடு ஒரு நாள் இரவுத் தூக்கத்தின் விலை.

குழாயைப் பொறுத்தவரை ‘உடைந்தது’, ‘வெடித்தது’ இரண்டும் வழக்கில் உள்ளன. ஆனால் மூலம் குளிர்நாட்டிலிருந்து வந்திருந்தால் ஒரு சிறு விளக்கம் சேர்ப்பது நல்லது. நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது, அந்த அழுத்தத்தில் குழாய் விண்டுபோகிறது. சித்திரை வெயிலில் தார் உருகுவதைப் பார்த்து வளர்ந்த வேலூர்க்காரருக்கு, குளிரால் குழாய் வெடிக்கும் என்பது சொன்னால்தான் புரியும். ‘உறைபனியில் நீர் இறுகிக் குழாய் வெடித்தது’ என்று நான்கைந்து சொற்களில் அந்தக் காரணத்தையும் வாக்கியத்துக்குள்ளேயே வைத்துவிடலாம், அடிக்குறிப்பு வேண்டியதில்லை.

டயர் விஷயத்தில் ஒன்றே ஒன்று: பஞ்சர் வேறு, வெடித்தல் வேறு. பஞ்சரில் காற்று மெல்ல இறங்கும். வெடித்தால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கான பாதுகாப்பு அறிவிப்புகளைத் தமிழாக்குகிறவர்கள் இதைக் குழப்பிவிடக்கூடாது. காற்று குறைவாக உள்ள டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறித்தான் பல டயர்கள் வெடிக்கின்றன. ஆனால் காற்று அதிகமானால்தான் வெடிக்கும் என்று நம்புகிறவர்களே மிகுதி. மொழிபெயர்ப்பாளரும் அப்படி நம்பிக்கொண்டிருந்தால், மூலத்தில் உள்ள ‘குறைவு’ என்ற சொல்லை அச்சுப்பிழை என்று நினைத்துத் ‘திருத்தி’விடுவார். அப்படித் திருத்தப்பட்ட ஒரு பிரதியை நானே பார்த்திருக்கிறேன்.

செடிகொடிகளுக்கு வந்தால், காய்ந்த காய் வெடிக்கும், பருத்தி வெடிக்கும், எள்ளுக்காய் வெடித்துச் சிதறும். இலவு காத்த கிளிக்கு நேர்ந்ததே காய் வெடித்துப் பஞ்சு பறந்ததுதான். மொட்டு மட்டும் வெடிக்காது, அவிழும்.

நான்காவது, ‘வெடிப்பு’ என்ற சொல்லின் இரண்டு முகங்கள்

தமிழில் ‘வெடிப்பு’ என்ற பெயர்ச்சொல் மிகப்பெரிய நிகழ்வையும் மிகச்சிறிய நிகழ்வையும் ஒருங்கே குறிக்கிறது. குண்டு வெடிப்பு என்றால் ஊரே அதிரும். சுவரில் வெடிப்பு என்றால் மயிரிழை அளவு கீறல். குதிகாலில் வருவது பித்தவெடிப்பு, மழையில்லாத வயலில் காண்பது நிலவெடிப்பு. எனவே ஆங்கிலத்தில் ‘கிராக்’, ‘பர்ஸ்ட்’ என்ற இரண்டு சொற்களும் ஒரே பக்கத்தில் வரும் இடங்களில் ‘வெடிப்பு’ என்ற சொல்லையே தொடக்கூடாது என்பது என் விதி. இரண்டு எடுத்துக்காட்டுகள் தருகிறேன். இரண்டும் இந்த வட்டாரத்தின் வேலைகளிலிருந்தே வருபவை.

ஒன்று மருத்துவமனை. தென்னை மரத்திலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்தவர்களின் அறிக்கையில் ‘பர்ஸ்ட் ஃப்ராக்சர்’ என்று இருக்கும். மேலிருந்து செங்குத்தாக வரும் விசையில் முதுகின் முள்ளெலும்பு ஒன்று நசுங்கி, அதன் துண்டுகள் பல பக்கமும் விலகிப்போவதை அது குறிக்கிறது. விலகிய துண்டு தண்டுவடக் கால்வாய்க்குள் தள்ளப்படவும் கூடும். இதை ‘எலும்பு வெடிப்பு’ என்று எழுதினால், ‘வெடிப்புத்தானே, மாவுக்கட்டு போட்டால் சேர்ந்துவிடும்’ என்று குடும்பத்தார் நினைப்பார்கள். நோயாளியை உட்காரவைத்து, காரில் ஏற்றி ஊருக்கே அழைத்துச் சென்றுவிட்டதாகவும் கேள்விப்பட்டிருக்கிறேன். ‘முள்ளெலும்பு ஒன்று நொறுங்கி, அதன் துண்டுகள் விலகியிருக்கின்றன’ என்று எழுதுங்கள். வாக்கியம் நீளும், நீளட்டும். முதுகுத்தண்டுக் காயம் என்பது என்ன என்பதை வேலூர் நெருங்கி அறியும். 1954ஆம் ஆண்டு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்து, பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்த டாக்டர் மேரி வர்கீஸின் உழைப்பில் 1966இல் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் உருவானது. அத்தகைய ஊரில் அந்தக் காயத்துக்கான சொல் இலேசாக ஒலிப்பது பொருந்தாது.

குடல்வால் விஷயத்தில் ‘வெடித்துவிட்டது’ என்பதே மக்கள் வழக்கு, அதை மாற்றவேண்டாம். இரத்தக் குழாய்க்கும் அதுவே. கட்டிக்கு மட்டும் ‘பழுத்து உடைந்தது’ என்றே எழுதுங்கள்.

இரண்டாவது எடுத்துக்காட்டு தோல். ஷூவின் மேற்பாகத்துக்கான தோலை லாஸ்டோமீட்டர் என்ற கருவியில் சோதிப்பார்கள். வட்டமாக வெட்டிய தோல்துண்டின் ஓரங்களை இறுக்கிப் பிடித்து, சதைப் பக்கத்திலிருந்து சிறிய எஃகுக் குண்டு ஒன்றால் மெல்ல மெல்ல அழுத்துவார்கள். ஷூ தைக்கும்போது தோலைக் கால் வடிவ அச்சின்மேல் இழுத்துப் பொருத்துவதால் நுனிப்பகுதிக்கு ஏற்படும் இழுவிசையை அது ஒத்திருக்கும். முதலில் பளபளப்பான மேற்பரப்பில், அதாவது தோல்காரர்கள் கிரெய்ன் என்று சொல்லும் பக்கத்தில், கீறல் விழும். அந்தக் கணத்தில் விசையையும் தோல் எவ்வளவு புடைத்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்வார்கள். பிறகும் அழுத்திக்கொண்டே போனால் குண்டு தோலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். முதலாவது ‘கிராக்’, இரண்டாவது ‘பர்ஸ்ட்’. கீறல் விழும்போது புடைப்பு குறைந்தது 7 மில்லிமீட்டராவது இருக்கவேண்டும் என்பது ஷூ மேற்தோலுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் அளவு. இரண்டு நிலைகளையும் ‘வெடிப்பு’ என்று எழுதினால் அறிக்கையே பயனற்றுப்போகும், ஏற்றுமதிச் சரக்கு தேறியதா இல்லையா என்று சொல்லவே முடியாது. ‘மேற்பரப்புக் கீறல்’, ‘முழுப் பொத்தல்’ என்று நான் எழுதிவருகிறேன். தொழிற்சாலைக்கு உள்ளேயே புழங்கும் தாளானால் ‘கிரெய்ன் கிராக்’, ‘பர்ஸ்ட்’ என்று அவர்கள் சொல்லும்படியே தமிழ் எழுத்தில் விட்டுவிடுவதும் தவறல்ல.

ஐந்தாவது, திடீர்த்தன்மையைத் துணைவினையில் தேடவேண்டும்

‘உடைந்தது’ என்று எழுதிவிட்டால் அந்தத் திடீர்த்தன்மை எங்கே போயிற்று என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். தமிழில் அது பெரும்பாலும் முதன்மை வினையில் இருப்பதில்லை, அதன் வாலில் இருக்கிறது. ‘உடைந்தது’ என்பதற்கும் ‘உடைத்துக்கொண்டது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். ‘கொள்’ என்ற துணைவினை சேர்ந்ததும், உள்ளிருந்து ஒரு விசை தானே வழி செய்துகொண்டு வந்ததுபோல் ஒலிக்கிறது. பொத்துக்கொண்டு, பிய்த்துக்கொண்டு, பீறிட்டுக்கொண்டு, பிளந்துகொண்டு ஆகிய அனைத்திலும் அந்த விசை இருக்கிறது. ‘விடு’ சேர்ந்தால் எதிர்பாராமல் நடந்து முடிந்துபோன தன்மை வரும்.

‘கிளவுட்பர்ஸ்ட்’ என்ற சொல்லுக்குப் பத்திரிகைகள் ‘மேகவெடிப்பு’ என்று எழுதிவருகின்றன. வானிலைத் துறை அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: ஏறத்தாழ 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் மழை. அந்த அளவு குறிக்கப்பட்ட செய்திக்கு ‘மேகவெடிப்பு’ என்ற கலைச்சொல்லே பொருந்தும். வெறுமனே பலத்த மழையை வருணிக்க ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தால், ‘வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது’ என்று எழுதுங்கள். மேகம் தண்ணீர் நிரம்பிய பை என்றும் அது கிழிந்து கொட்டுகிறது என்றும் எண்ணிய பழங்காலக் கற்பனையிலிருந்தே ஆங்கிலச் சொல் பிறந்தது. நம் பாட்டிமார்களும் அதே கற்பனையில்தான் வானத்தைப் பொத்துக்கொள்ள வைத்திருக்கிறார்கள்.

ஆறாவது, மனிதர்களுக்கு வரும்போது ஓசையைப் பிடிக்கவேண்டும்

சிரிப்பு, அழுகை, கோபம், ஓட்டம் ஆகியவற்றோடு இந்தச் சொல் வந்தால் ‘வெடி’ என்ற வினையை ஓரமாக வைத்துவிட்டு, ஒலிக்குறிப்புச் சொற்களிடம் போகவேண்டும். தமிழ் இங்கே மிகச் செழிப்பானது. சிரிப்பு குபீரென்று கிளம்பும். கண்ணீர் பொலபொலவென்று கொட்டும். அழுகை பொத்துக்கொண்டு வரும், அல்லது ஓவென்று கதறுவார்கள். தீ குப்பென்று பற்றும். கூட்டம் திபுதிபுவென்று உள்ளே நுழையும். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு அந்த மொழியின்மேல் சற்று இரக்கமே வருகிறது.

தேர்வு எளிதல்ல என்பதையும் சொல்லிவிடவேண்டும். அழுகிறவர் யார் என்று பாருங்கள். குழந்தை ‘வீல்’ என்று அலறும். துக்க வீட்டில் நுழையும் பெண்மணி ‘ஓ’வென்று கதறுவார். நீண்ட நேரம் அடக்கிவைத்திருந்த முதியவர் ‘மாலைமாலையாகக் கண்ணீர்’ விடுவார், அல்லது ‘உடைந்து அழுவார்’. இந்த ‘உடைந்து’ என்ற சொல் மனிதருக்கும் பொருந்துவது கவனிக்கத்தக்கது. உள்ளே அழுத்தி வைத்திருந்தது நீர் என்பதால் ஏரிக்கு உரிய வினையே இங்கும் வருகிறது போலும். சிரிப்பில் ‘வெடிச்சிரிப்பு’ என்ற சொல் தமிழுக்கு உண்டு, ஆனால் அது சிரிப்பின் வகை. ‘சிரிப்பில் வெடித்தான்’ என்பது வேறு, அது எழுதியவரின் மேசையில் திறந்திருந்த ஆங்கில வாக்கியத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கோபத்துக்குச் சீறுதல், பொரிந்து தள்ளுதல், கொந்தளித்தல் ஆகியவை உண்டு. தனி ஒருவர் என்றால் சீறுவார். ஊரே என்றால் கொந்தளிக்கும். பெருமைக்குப் ‘பூரித்துப்போனார்’. சந்தை, திருவிழா, கடைத்தெரு ஆகியவை உயிர்பெற்றதாக வந்தால் ‘களைகட்டியது’. பேருந்து நிரம்பிப் ‘பிதுங்கியது’. ஆடிக் கிருத்திகையன்று இரத்தினகிரியில் கூடும் கூட்டத்தைத் தையல் பிரியும் உவமையால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், தமிழில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். தையலை அப்படியே கொண்டுவந்தால் பக்தர்களின் சட்டைகள் கிழிந்ததாக ஆகிவிடும்.

ஏழாவது, உறையே இல்லாத இடங்கள்

சில இடங்களில் எதுவும் உடைவதில்லை, கிழிவதில்லை. கொஞ்ச நேரம் செறிவாக நடந்து ஓய்வது என்பது மட்டுமே பொருள். மழை என்றால் ‘ஒரு பாட்டம்’ பெய்தது. வேலை என்றால் ‘ஒரு மூச்சு’ பார்த்தேன். ஓட்டம் என்றால் ‘ஒரே பாய்ச்சல்’. துப்பாக்கி என்றால் ‘தொடர்ச்சியாகச் சில ரவைகள்’. கேமராவில் விசையை அழுத்திப் பிடித்தால் அடுத்தடுத்துப் படங்களாக எடுக்கும் வசதிக்குத் ‘தொடர் படப்பிடிப்பு’ என்பது போதும். கணினி வலையமைப்பில் தரவு விட்டுவிட்டுக் கொத்துக்கொத்தாகச் செல்வதைக் ‘கொத்து’ என்ற சொல்லே காட்டிவிடும்.

விதிவிலக்காக வானியல் மட்டும் இருக்கிறது. ‘காமாக் கதிர் வெடிப்பு’ என்ற சொல் தமிழில் வேரூன்றிவிட்டது. அணு ஆயுதச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள் 1967இல் இவற்றை முதலில் உணர்ந்தன, 1973இல்தான் அந்தச் செய்தி வெளியிடப்பட்டது. ஒரு நொடியின் சிறு பங்கிலிருந்து சில நிமிடங்கள்வரை நீடிக்கும் பாய்ச்சல் இது. ஜவ்வாது மலையில் காவலூர் வான்நோக்கு நிலையத்துக்கு, 1986இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்கப் போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதுவதாக இருந்தால், ‘வெடிப்பு’ என்ற கலைச்சொல்லை வைத்துக்கொண்டு, அடுத்த வாக்கியத்திலேயே ‘சிறிது நேரம் மட்டும் பாய்ந்து அடங்கும் கதிர்’ என்று சேர்த்துவிடுங்கள்.

விளம்பரங்களில் வரும் ‘சுவை வெடிப்பு’ பற்றி: வாயில் வெடிப்பதை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள். ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டவரைக் கேளுங்கள். ‘ருசி நாக்கிலேயே நிற்கிறது’ என்பார்.

எட்டாவது, திரும்பிப் போகும் வழி

ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும்போதும் இதே கதை எதிர்த்திசையில் நிகழும். 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்ப் புரட்சி ‘வெடித்தது’ என்று நாம் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு உடைந்து வெளிப்படுதல் என்ற பொருளில் ‘புரோக் அவுட்’ என்பார்கள், நம் ‘பர்ஸ்ட்’ அங்கே வராது. சமையல் குறிப்பில் ‘கடுகு வெடித்ததும்’ என்பதற்குப் ‘பாப்’ அல்லது ‘ஸ்ப்ளட்டர்’ என்று எழுதவேண்டும். பித்தவெடிப்புக்கும் சுவர் வெடிப்புக்கும் ‘கிராக்’. கல்குவாரியில் வைக்கும் வெடிக்கு ‘பிளாஸ்ட்’.

பட்டாசு தனிக்கதை. ‘பட்டாசு வெடித்தோம்’ என்பதை இந்திய ஆங்கிலம் ‘பர்ஸ்ட்’ என்ற சொல்லாலேயே எழுதுகிறது, இங்கே எல்லாருக்கும் அது புரியும். இங்கிலாந்தில் ‘லெட் ஆஃப்’ அல்லது ‘செட் ஆஃப்’ என்பார்கள். வாசகர் யார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். தமிழிலேயே ‘வெடி’ தன்வினை. ‘பட்டாசு வெடித்தது’ என்பது இலக்கண முறை, ‘பட்டாசு வெடித்தோம்’ என்பது பேச்சு வழியாக எழுத்துக்கும் வந்துவிட்டது. அரசு அறிவிப்பானால் ‘வெடிக்கச் செய்தல்’ என்று எழுதுவேன், தீபாவளிக் கட்டுரையானால் ‘வெடித்தோம்’ என்றே விட்டுவிடுவேன்.

கடைசியாக, தொழில் தெரிந்தவரிடம் கேட்கும் முறை

இத்தனைக்குப் பிறகும் ஐயம் இருந்தால் அந்தத் தொழிலில் இருப்பவரிடம் போய்க் கேட்பதே வழி. ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்கவேண்டும். ‘அண்ணே, பர்ஸ்ட் என்பதற்குத் தமிழில் என்ன?’ என்று கேட்டால், அவர் ஒரு கணம் யோசித்து, நமக்கு மரியாதை செய்வதாக எண்ணிக்கொண்டு, ‘வெடிப்புங்க’ என்று அகராதியையே திருப்பிக் கொடுப்பார். பொருளைக் காட்டி, ‘இது என்ன ஆச்சு?’ என்று மட்டும் கேளுங்கள். அரிசி மண்டியில் வாய் பிரிந்து கிடந்த ஒரு மூட்டையைக் காட்டி நான் அப்படிக் கேட்டபோது, மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘பார்த்தா தெரியல? தையல் விட்டுகிச்சு சார்’ என்று சொல்லிவிட்டு, அடுத்த மூட்டையைத் தூக்கப் போய்விட்டார். நான் கொண்டுபோன தாளில் அந்த இடத்துக்கு ஐந்து சொற்கள் எழுதி வைத்திருந்தேன். அவற்றை அடித்துவிட்டு, அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன்.